பழைய நூற்பட்டியலைப் படிப்பதும் மறுபதிப்பைச் சோதிப்பதும்

மறுபதிப்பு நூல் ஒன்றின் பதிப்பு விவரப் பக்கத்தில் 'முதற்பதிப்பு: 2006' என்று இருக்கும். உள்ளே இருப்பதோ 1880களில் வெளிவந்த நூல். அந்த 2006 என்பது அந்தப் பதிப்பகத்தார் அதை முதன்முதலாக வெளியிட்ட ஆண்டு. நூலகத்தில் பட்டியல் எழுதுபவர் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான் என்பதால் அங்கும் 2006 என்றே பதிவாகிவிடும். ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுபவரும் 2006 என்பார். நாலைந்து கை மாறுவதற்குள் நூறாண்டுக்கு முந்தைய சொல்வழக்கு அண்மைக்கால வழக்காக எழுதப்பட்டுவிடும்.

பழைய அச்சு நூல்களோடு பழகுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கையிலிருக்கும் மறுபதிப்பு எந்த ஆண்டில், எந்த அச்சுக்கூடத்தில், யார் பரிசோதித்து வந்த எத்தனையாவது பதிப்பைப் பார்த்து அச்சிட்டது? பதில் பெரும்பாலும் அந்த மறுபதிப்புக்குள் இருக்காது. பழைய நூற்பட்டியல்களில்தான் தேட வேண்டும்.

எந்தப் பட்டியல் எதற்கு உதவும்

ஜான் மர்டாக் 1865இல் சென்னையில் வெளியிட்ட அச்சிட்ட தமிழ் நூல்களின் பட்டியல் பொருள்வாரியாக அமைந்தது. அதன் பெரிய பயன் அது ஓர் எல்லைக்கோடாக இருப்பதுதான். ஒரு நூல் அதில் இருந்தால், 1865க்குள் அது அச்சேறிவிட்டது என்பது உறுதி. இல்லாவிட்டால் எதையும் முடிவு செய்ய முடியாது. அவர் கண்ணில் படாத நூல்கள் இருந்திருக்கும். மர்டாக் கிறித்தவ சமயப் பணியாளர். நூல்களைப் பற்றி அவர் சொல்லும் கருத்துகளை அவருடைய கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பட்டியலைத் தமிழக அரசின் தமிழ் வளர்ச்சி ஆராய்ச்சி மன்றம் 1968இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது பின்னிணைப்புகளும் சேர்ந்தன. ஆகவே 'மர்டாக் பட்டியலில் உள்ளது' என்று எழுதும்முன் அந்தப் பதிவு 1865இன் மூலப் பகுதியில் இருக்கிறதா, பிற்சேர்க்கையில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிரிட்டிஷ் மியூசிய நூலகத்தில் இருந்த தமிழ் நூல்களுக்குப் பார்னெட்டும் ஜி. யூ. போப்பும் தொகுத்த பட்டியல் 1909இல் வந்தது. அதன் துணைப்பட்டியல் 1931இல். இது ஆசிரியர் பெயர்வாரியாக, ரோமன் எழுத்தில் அமைந்தது. நூலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிய பதிவுகள் என்பதால் நம்பிக்கைக்கு உரியவை. இதுபோன்ற பட்டியல்களில் ஆண்டு சதுர அடைப்புக்குள் இருந்தால், முகப்புப் பக்கத்தில் ஆண்டு இல்லை, தொகுத்தவர் ஊகித்து எழுதியிருக்கிறார் என்று பொருள். கேள்விக்குறியும் இருந்தால் ஊகத்திலும் ஐயம். அந்த அடைப்பை விட்டுவிட்டு ஆண்டை மட்டும் எடுத்து எழுதுவது பரவலாக நடக்கிற தவறு. ஊகம் அங்கேயே உண்மையாக மாறிவிடுகிறது.

எல்லாவற்றிலும் செழிப்பானது சென்னை மாகாண அரசின் காலாண்டுப் பட்டியல். 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம், அச்சிட்டவர் ஒரு மாதத்துக்குள் அரசுக்குப் பிரதி கொடுக்க வேண்டும் என்றது. அப்படி வந்த நூல்களைப் பதிவேட்டில் ஏற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசிதழில் வெளியிட்டார்கள். நூலின் பெயர், மொழி, ஆசிரியர் அல்லது பதிப்பாசிரியர், பொருள், அச்சிட்ட ஊர், அச்சகத்தார், வெளியீட்டாளர், அச்சகத்திலிருந்து வெளிவந்த நாள், பக்கங்கள், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை படிகள், ஈய எழுத்தில் அச்சிட்டதா கல்லச்சா, விலை, உரிமையாளரின் பெயரும் இருப்பிடமும் என்று எல்லாவற்றையும் பதிய வேண்டும் என்பது சட்டத்தின் 18ஆம் பிரிவு. எத்தனை படிகள் அச்சிட்டார்கள் என்ற விவரம் வேறெங்கும் கிடைப்பது அரிது. 500 படி போட்ட நூல் அடுத்த இரண்டு ஆண்டில் 'இரண்டாம் பதிப்பு' என்று மீண்டும் வந்திருந்தால், அது விற்றுத் தீர்ந்தது என்று ஊகிக்கலாம்.

இந்தக் காலாண்டுப் பட்டியலை வைத்து இல்லை என்று சாதிக்கக் கூடாது. பிரதி கொடுக்காத அச்சகங்கள் உண்டு. சின்னஞ்சிறு பாட்டுப் புத்தகங்கள் நிறைய விடுபட்டிருக்கும். யாழ்ப்பாணத்திலும் புதுச்சேரியிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்கள் சென்னைப் பட்டியலில் வரவே வராது. இலங்கைக்கு 1885 முதல் தனிப் பதிவுச் சட்டம் இருந்தது. அங்கே அச்சானவற்றை அந்தப் பட்டியலில்தான் தேட வேண்டும். பதிவான நாளுக்கும் முகப்பில் உள்ள ஆண்டுக்கும் ஒன்றிரண்டு ஆண்டு வேறுபாடு வருவதும் இயல்பு. இந்தப் பதிவுகளையெல்லாம் தேடி அலைய வேண்டாத அளவுக்கு, 1867 முதல் 1900 வரையிலான நூல்களை 'தமிழ் நூல் விவர அட்டவணை'யின் முதல் தொகுதி ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது. தொடங்குவதற்கு அதுவே நல்ல இடம்.

ஆண்டைக் கண்டுபிடிப்பது

பத்தொன்பதாம் நூற்றாண்டு முகப்புப் பக்கத்தில் கிறித்தவ ஆண்டு இல்லாமல் 'சித்திரபானு வருடம் தை மாதம்' என்று மட்டும் இருப்பது சாதாரணம். பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகளின் வரிசை எண்ணை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு 1866ஐக் கூட்டினால் 1867இல் தொடங்கும் சுற்றுக்கு ஆண்டு கிடைக்கும். சித்திரபானு பதினாறாவது, 1882. முந்தைய சுற்றானால் 1822, பிந்தையதானால் 1942. எந்தச் சுற்று என்பதை அச்சுக்கூடத்தின் பெயர், தாள், எழுத்து வார்ப்பு, சாற்றுகவி (நூலைப் பாராட்டிப் பிறர் பாடும் செய்யுள்) தந்தவர்களின் காலம் ஆகியவற்றை வைத்து முடிவு செய்யலாம். மர்டாக் பட்டியலில் அந்தப் பதிப்பு இருந்தால் 1882 தானாகவே விலகிவிடும்.

மாதத்தையும் விடக்கூடாது. தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த கிறித்தவ ஆண்டில் விழும். மார்கழியின் பிற்பாதியும் அப்படித்தான். ஆக, சித்திரபானு தை என்பது 1883. ஒரு பட்டியலில் 1882 என்றும் இன்னொன்றில் 1883 என்றும் ஒரே நூல் இருந்தால், இரண்டு பதிப்புகள் என்று முடிவு கட்டுமுன் மாதத்தைப் பாருங்கள். பாதிக்கு மேல் அதிலேயே தீர்ந்துவிடும்.

தென்மாவட்ட நூல்களில் கொல்லம் ஆண்டு வரும். 1065 என்றால் 1889 ஆகஸ்டு நடுவிலிருந்து 1890 ஆகஸ்டு நடுவரை. சாலிவாகன சகம் என்றால் 78 கூட்டுங்கள். கலியாண்டு என்றால் 3101ஐக் கழியுங்கள், ஓராண்டு முன்பின்னாகும். இருபதாம் நூற்றாண்டு நூல்களில் திருவள்ளுவர் ஆண்டு இருந்தால் 31ஐக் கழித்தால் போதும்.

எண்கள் தமிழ் எண்ணாக இருந்தால் இரண்டு முறைகளும் கலந்து வரும். 1882 என்பதை ௧௮௮௨ என்று இட முறையிலும், ௲௮௱௮௰௨ என்று பழைய முறையிலும் அச்சிட்டிருப்பார்கள். ௧ க போலவும், ௨ உ போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் இருப்பதால் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருளான கணினி எழுத்துணரி பக்க எண் ௨௮ஐ 'உஅ' என்று படித்து வைக்கும். தேடுபொறியில் விசித்திரமான ஈரெழுத்துச் சொற்கள் வந்தால் அவை பெரும்பாலும் பக்க எண்களே.

பெயரைத் தேடுவது

நூலகத்தில் இருக்கிற நூல் தேடலில் சிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் எழுத்துக்கூட்டல்தான் காரணம். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளையின் பெயரை அமெரிக்க நூலகங்களின் முறைப்படி ரோமன் எழுத்தில் எழுதினால் 'தாமோதரம்' என்பதில் இரண்டு இடத்திலும் டி (t) எழுத்தே வரும், தலைப்பெழுத்துகள் 'சிஐ. விஏஐ.' (Ci. Vai.) என்று போகும். ஆங்கிலத்தில் அவர் பெயரை வழக்கமாக எழுதுவதோ 'சி. டபிள்யூ.' என்று. அமெரிக்க நூலக முறையில் ச எப்போதும் சி (c) எழுத்து, க எப்போதும் கே (k), த எப்போதும் டி (t). சிவஞானம், முருகன், சங்கம் எதுவானாலும் ஒலிக்காமல் எழுத்தைப் பார்த்தே பெயர்த்திருப்பார்கள். பழைய சென்னைப் பட்டியல்களோ காதில் கேட்டபடி எழுதியவை. ஆகவே ஒவ்வொரு பெயரையும் குறைந்தது மூன்று விதமாகத் தேட வேண்டும்: எழுத்துப் பெயர்ப்பு, ஒலிப்பெயர்ப்பு, தமிழ் எழுத்து. தமிழிலும் வடவெழுத்தோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை: சுப்பிரமணிய, ஸுப்ரமண்ய, சரித்திரம், சரித்ரம்.

'ஸ்ரீ', 'ஸ்ரீமத்', 'திரு' ஆகியவை தலைப்பின் முதற்சொல்லாக நின்று நூலை வேறு எழுத்துக்குக் கொண்டுபோயிருக்கும். முகப்பிலும் மேலட்டையிலும் பக்கத் தலைப்பிலும் வெவ்வேறு பெயர்கள் இருப்பதும் உண்டு. 'மூலமும் உரையும்' என்று வரும் நூல்களை உரையாசிரியர் பெயரில் தேடுங்கள். அகப்படாவிட்டால் பதிப்பித்தவர் பெயரில் தேடுங்கள்.

கணினிப் பட்டியலோடு நின்றுவிட வேண்டாம். பழைய அட்டைப் பட்டியலைக் கணினியில் ஏற்றும்போது அட்டையின் பின்பக்கக் குறிப்புகளை எல்லா இடத்திலும் ஏற்றுவதில்லை. சிறு நூல்கள் பலவற்றைச் சேர்த்து ஒரே கட்டாகத் தைத்திருந்தால் முதல் நூலின் பெயர் மட்டுமே பதிவாகியிருக்கும். நாற்பது பக்கம் என்று பதிவுள்ள நூல் இரண்டு விரல் தடிமனாக இருந்தால் உள்ளே வேறு முகப்புப் பக்கங்கள் இருக்கின்றன என்று தைரியமாகத் திறந்து பார்க்கலாம். வரவுப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்; எந்த நாளில் யாரிடமிருந்து வந்தது என்பது அதில் இருக்கும். நூலகவியலாளர் அரங்கநாதனின் கோலன் பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகமானால் முதுகுச் சீட்டிலேயே ஆண்டு இருக்கும்: ஜி5 என்றால் 1935, கே3 என்றால் 1963. முகப்புக் கிழிந்த நூலுக்கு இது பல சமயம் கைகொடுக்கிறது.

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உ.வே.சா. நூலகம், கன்னிமாரா, தஞ்சையில் சரசுவதி மகால் இவற்றோடு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம் ஆகியவற்றையும் பார்த்த பிறகே ஒரு பதிப்பு கிடைக்கவில்லை என்று சொல்லலாம்.

மறுபதிப்பைச் சோதிப்பது

பட்டியலில் '4, 2, 316, 12' என்று பக்க விவரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பகுதி நான்கும் இரண்டும், நூல் 316, பின்பகுதி 12. ஆக 334 பக்கம். மறுபதிப்பு 316 பக்க மூலத்தை மட்டும் கொண்டிருந்தால் 18 பக்கம் காணோம். பெரும்பாலும் தொலைவது சிறப்புப்பாயிரம், சாற்றுகவி, பதிப்புரை, பிழைதிருத்தம், கையொப்பக்காரர் (நூலை வாங்க முன்கூட்டியே ஒப்பிட்டவர்கள்) பெயர்ப்பட்டியல் ஆகியவை. எந்தெந்த ஏடுகளை ஒப்பிட்டார் என்று பதிப்பாசிரியர் சொல்வது பதிப்புரையில். யார் பொருள் உதவினார் என்பது சாற்றுகவியில். பதிப்பு வரலாறு எழுதுகிறவருக்கு இந்தப் பதினெட்டுப் பக்கமே முக்கியம். அவற்றை வேண்டாதவை என்று கழிப்பதை ஏற்க முடியாது.

பிழைதிருத்தப் பக்கத்தைத் தனியாகக் கவனியுங்கள். அதில் உள்ள நாலைந்து திருத்தங்களை எடுத்து மறுபதிப்பின் உரிய வரிகளில் பாருங்கள். எழுத்தைப் புதிதாகக் கோத்த பதிப்பில் பழைய பிழை அப்படியே இருந்தால், கோத்தவர் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. முழு நூலையும் எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதைவிட விரைவான சோதனை தெரியவில்லை.

பழைய பக்கங்களை அப்படியே படமெடுத்து அச்சிட்ட நகல் பதிப்பானால் பக்கம் விடுபட்டதா என்று பார்க்க, பக்க எண்ணோடு படிவக் குறியையும் பாருங்கள். ஒவ்வொரு அச்சுப் படிவத்தின் (ஒரே தாளில் அச்சிட்டு மடித்த பக்கங்களின் தொகுதி) முதற்பக்க அடியில் சிறிய எண் இருக்கும். எட்டுப் பக்கப் படிவமானால் 1, 9, 17ஆம் பக்கங்களில். பதினாறு பக்கப் படிவமானால் 1, 17, 33இல். எட்டுப் பக்கப் படிவத்தில் 23ஆம் குறியைக் காணவில்லை என்றால் 177 முதல் 184 வரை இல்லை. பக்க எண் தாவியிருந்தும் படிவக் குறி ஒழுங்காக இருந்தால், அது அன்றைய அச்சுக்கோப்பாளர் தவறு, எதுவும் தொலையவில்லை.

கேட்டால் மட்டும் அச்சிட்டுத் தரும் பதிப்புகளில் இன்னும் சில வரும். இரண்டு பாகத்தில் ஒன்றை மட்டும் முழு நூலென்று விற்பது, மடித்த வரைபடத்தை மடிப்போடு படமெடுத்தது, தையலோரத்தில் எழுத்து விழுங்கப்பட்டது, மறுகட்டில் ஓரம் வெட்டி ஓரக்குறிப்புகளும் பக்க எண்களும் போனது. வாங்குமுன் பக்க எண்ணிக்கையைப் பட்டியலோடு ஒப்பிட்டாலே பாதி சிக்கலைத் தவிர்க்கலாம்.

படமெடுக்கும்போது புள்ளி போகும் கதை

தமிழ் நகல் பதிப்புகளுக்கே உரிய சேதம் ஒன்று உண்டு: மெய்யெழுத்தின் புள்ளி மறைவது. பழைய சிறிய எழுத்தில் 0.3 மி.மீ. விட்டமுள்ள புள்ளி 200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 200 பிக்சல்) இரண்டு பிக்சல்தான். 400இல் ஏறக்குறைய ஐந்து, 600இல் ஏழு. கறுப்பு-வெள்ளையாக மாற்றும் கட்டத்தில் இரண்டு பிக்சல் நிற்காது. 'கண்' என்பது 'கண' ஆகும். பிறகு தூசு நீக்கும் வசதியை முடுக்கினால் மிச்சமிருந்த புள்ளிகளையும் மென்பொருள் தூசென்று எண்ணித் துடைத்துவிடும். ஸ்கேன் டெய்லர் போன்ற மென்பொருளில் தமிழ் நூலுக்குத் தூசு நீக்கத்தை அறவே அணைத்துவிடுவது நல்லது. எதிர்மாறாக, பூச்சி அரித்த துளையும் தாளின் கறையும் புள்ளியாகப் பதிந்து உயிர்மெய்யை மெய்யாக்குவதும் நடக்கும். செய்யுளானால் சீர் கெடுவதால் கண்டுபிடித்துவிடலாம்; உரைநடையில் கவனமாகப் படித்தால்தான் தெரியும்.

ஆகவே மூலப்படம் 400 டிபிஐ, முழு வண்ணம், டிஃப் கோப்பாக இருக்கட்டும். 14 x 22 செ.மீ. பக்கம் ஒன்று ஏறக்குறைய 23 எம்பி வரும். 300 பக்கம் 7 ஜிபி. இடத்தை மிச்சப்படுத்த இந்தக் கட்டத்தில் சுருக்க வேண்டாம். அச்சுக்குப் போகும் படத்தைச் சாம்பல் நிறத்திலேயே விட முடிந்தால் இன்னும் நல்லது. பின்பக்க மை தெரியும் மெல்லிய தாளுக்கு, பக்கத்தின் பின்னால் ஒரு கறுப்புத் தாளைச் செருகிப் படமெடுத்தால் அது மங்கிவிடும்.

நூலை 180 பாகை விரித்து அழுத்தாதீர்கள், தையல் பிளந்துவிடும். இரு பக்கமும் பஞ்சணை வைத்து 100 பாகை அளவில் திறந்து, ஒரு பக்க வரிசையை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கத்தை எடுக்கலாம். நொறுங்கும் தாளில் ஒட்டுநாடா கூடவே கூடாது. பசை மஞ்சளாகித் தாளோடு எழுத்தையும் தின்னும். கிழிசலை ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச் சத்துப் பசையும் கொண்டு பழகியவர் ஒட்டட்டும்.

எழுத்தைப் புதிதாகக் கோப்பதானால் எழுத்துணரி தரும் பாடத்தை வரைவாக மட்டும் கொள்ளுங்கள். பழைய வார்ப்பில் ர என்ற எழுத்தும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். 'காரணம்' என்பது 'காாணம்' என்று வந்து நிற்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை வடிவங்களிலும் பிழை குவியும். இந்த எழுத்துகளைத் தனித்தனியாகத் தேடித் திருத்தும் சுற்று ஒன்றை முதலில் முடித்துவிட்டு, பிறகு ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க இன்னொருவர் மெய்ப்பில் சரிபார்ப்பது எப்போதும் பலன் தருகிறது. சந்தியைப் பிரிப்பதா வேண்டாமா என்பதைத் தொடங்குமுன் முடிவு செய்து, முடிவைப் பதிப்புரையில் எழுதிவிடுங்கள். பாதி நூலில் பிரித்தும் பாதியில் சேர்த்தும் விடுவதுதான் படிப்பவரை ஏமாற்றுவது. மூலத்தின் பக்க எண்ணைச் சதுர அடைப்பில் உள்ளேயே தந்தால் பழைய மேற்கோள்களைத் தேடுகிறவர் வாழ்த்துவார்.

உரிமையும் விவரப் பக்கமும்

இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. உ.வே.சா. 1942இல் மறைந்தார், ஆகவே அவர் வாழ்நாளில் வெளிவந்த அவருடைய எழுத்துகள் 2003 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. அவற்றுக்குப் பிற்காலத்தில் வேறொருவர் எழுதிய முன்னுரையும் குறிப்பும் தனி உரிமை உள்ளவை. கேட்காமல் எடுக்கக் கூடாது. அரசு நாட்டுடைமையாக்கிய ஆசிரியர்களின் நூல்களுக்கு 60 ஆண்டுக் கணக்கு வேண்டியதில்லை. இலங்கையில் இந்தக் காலம் 70 ஆண்டு.

மறுபதிப்பின் விவரப் பக்கத்தில் குறைந்தது இவ்வளவாவது இருக்க வேண்டும்: மூலத்தின் முகப்பு எழுத்துக்கு எழுத்து, அது எத்தனையாவது பதிப்பு, அச்சுக்கூடம், தமிழ் ஆண்டும் மாதமும் அதற்கு நேரான கிறித்தவ ஆண்டும், பக்க விவரம், எந்த நூலகத்தின் எந்த எண்ணுள்ள பிரதி, கிழிந்த பக்கங்களை எந்தப் பிரதியிலிருந்து நிரப்பினீர்கள், எதை மாற்றினீர்கள். உங்கள் பதிப்பை 'முதற்பதிப்பு' என்று எழுதாமல் 'இம்மறுபதிப்பு' என்று ஆண்டோடு எழுதுங்கள்.

பொது நூலகங்களுக்கு நூற்படி வழங்குவது பற்றிய 1954ஆம் ஆண்டு இந்தியச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் சொந்தச் செலவில் படி அனுப்ப வேண்டும். மாற்றமே இல்லாத மறுபதிப்புக்கு, முதற்பதிப்பு முன்பே போயிருந்தால் விலக்கு உண்டு. புது முன்னுரை சேர்ந்தால் அனுப்பியாக வேண்டும். விவரப் பக்கத்தை ஒரு தாளில் தனியாக நகலெடுத்து நூலுக்குள் வைத்து அனுப்புங்கள். பட்டியல் எழுதுபவர் அதைப் பார்த்து மூலப் பதிப்பின் ஆண்டையும் குறிப்புப் பகுதியில் சேர்க்க அது உதவும்.